ஒரு மணிக் கூட்டத்துக்கு மட்டும் பாயசம் ஏன் இனிக்கவில்லை?

இலைப்பந்தி · பிரிக்பீல்ட்ஸ் · 29 செப்டம்பர், இரவு 10.52

வாழை இலைக் கடை. சேமியா பாயசம், ஒரே அண்டா, காலை 11 மணிக்கு இறக்குவது. பதினொன்றரைக்கு உட்காருகிறவர்கள் இனிப்பு சரி என்கிறார்கள். 1 மணிக் கூட்டம் சீனி பத்தவில்லை என்கிறது. 3 மணிக்கு அதே பாயசம் மறுபடி சரியாகிவிடுகிறது. வடிகட்டி, சீனி அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தால் மூன்று வேளையும் ஒரே எண். வெந்நீர்த் தொட்டியில் இருப்பதால் சூடும் மாறுவதில்லை.

கடைச் சத்தம்தான் நாக்கை மழுக்குகிறது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். 'இனிப்பான' பாட்டுப் போட்டால் சீனியையே குறைக்கலாம் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது? 1 மணிக்கு மட்டும் சீனியைக் கூட்டலாமா?

ஒலிமேசை · பெட்டாலிங் ஜெயா · 29 செப்டம்பர், இரவு 11.34

முதல் ஆள் சொல்வது பெரும்பாலும் சரி. இரண்டாவது ஆள் சொல்வதில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது, ஆனால் உங்கள் கடையில் இப்போதைக்கு எடுபடாது. சீனியைத் தொடாதீர்கள். கூட்டினால் 3 மணிக்கு வருகிறவர் திகட்டுகிறது என்பார்.

முதலில் அளக்க வேண்டும். ஐபோன் இருந்தால் அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் தரும் இலவச ஒலிமானிச் செயலி போதும். ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் மைக் மாறும். வரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒரே போனை வைத்து வேளைக்கு வேளை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். 'ஏ' எடையில் (மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளக்கும் முறை) வையுங்கள். உட்கார்ந்திருப்பவரின் காது உயரம், சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, மைக்கைக் கையால் பொத்தாமல், 15 நிமிடச் சராசரி. உச்ச எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள், ஒரு தட்டு கீழே விழுந்தாலே அது எகிறிவிடும். வாசல், நடு மண்டபம், கை கழுவும் இடம், தட்டுக் கொட்டும் இடம் என்று நான்கு இடத்திலும் எடுங்கள்.

தாப்பாவ் · செந்தூல் · 29 செப்டம்பர், இரவு 11.41

பார்சல் கட்டிக்கிட்டுப் போய் வீட்ல குடிச்சா சீனி மிச்சம்னு சொல்லுங்க.

சுவைக்கூடம் · பினாங்கு · 30 செப்டம்பர், காலை 7.15

தாப்பாவ் விளையாட்டாகச் சொன்னாலும் கணக்குச் சரிதான்.

2011-இல் ஆண்டி வுட்ஸ் குழுவினர் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஹெட்போனில் இரைச்சலைக் கேட்டபடி தின்பண்டம் சாப்பிடுவது. 75 முதல் 85 டெசிபெல் இரைச்சலில் இனிப்பும் உப்பும் குறைவாகத் தெரிந்தன, மொறுமொறுப்பு மட்டும் கூடுதலாகத் தெரிந்தது. 2015-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் யான், டான்டோ இருவரும் விமானத்தின் உள்ளே கேட்கும் ஓசையைச் சுமார் 85 டெசிபெலில் ஓட்டி, சுவைக் கரைசல்களைக் குடிக்கக் கொடுத்தார்கள். இனிப்பு மட்டுப்பட்டது. உமாமி, அதாவது தக்காளி, பெலாச்சான் என்ற இறால் விழுது, காய்ந்த நெத்திலியில் இருக்கிற அந்த ருசி, சற்றுத் தூக்கலாகத் தெரிந்தது. ஆக உங்கள் ரசம் தப்பித்துக்கொள்கிறது, பாயசம் மாட்டிக்கொள்கிறது.

காரணம் இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. ஒன்று கவனம்: இரைச்சல் கவனத்தைத் தின்றுவிடுவதால் நாக்குக்கு மிச்சம் குறைவு. ஆனால் இது மட்டும் என்றால் எல்லாச் சுவையும் ஒரேயடியாகக் குறைய வேண்டும், உமாமி கூடக் கூடாது. மற்றது உடற்கூறு. நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குச் சுவையை மூளைக்குக் கொண்டுபோகும் கோர்டா டிம்பானி என்ற நரம்பு நடுக்காது வழியாக, செவிப்பறைக்குப் பின்னால், சுத்தி எலும்புக்கும் பட்டடை எலும்புக்கும் இடையே புகுந்து போகிறது. நடுக்காது அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு நாக்கில் உலோக ருசி தட்டுவது இந்த நரம்பு தொடப்படுவதால்தான். பலத்த ஓசை அதை நேரடியாகவே சீண்டலாம் என்பது கார்னெல் குழுவின் ஊகம். ஊகம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாப்பாவ் · 30 செப்டம்பர், காலை 9.02

அதான் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் மோர்ல உப்பே தெரியறதில்லையா? ஸ்பீக்கர் பக்கத்துலயே அண்டாவை வச்சிருப்பாங்க.

சுவைக்கூடம் · 30 செப்டம்பர், மதியம் 1.20

உப்பு விஷயத்தில் அந்த இரண்டு சோதனைகளுமே ஒத்துப்போகவில்லை. வுட்ஸ் கொடுத்தது கடையில் வாங்கும் பண்டங்கள். உப்புக் குறைந்து தெரிந்தது. யானும் டான்டோவும் கொடுத்தது தண்ணீரில் கரைத்த தனிச்சுவை. உப்பு, புளிப்பு, கசப்பு மூன்றும் அசையவில்லை. இரண்டிலும் அடிபட்டது இனிப்பு மட்டும். அதனால்தான் இனிப்பைப் பற்றித் துணிந்து சொல்கிறேன், மோரைப் பற்றிச் சொல்லவில்லை. (வெயிலில் வியர்த்து வந்தவருக்கு எந்த உப்பும் பத்தாது, அது வேறு கதை.)

விமானத்தை இத்தோடு கலக்கக் கூடாது. அங்கே சத்தம் தவிர, ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய் மூக்கு காய்ந்துவிடுகிறது, காற்றழுத்தமும் குறைவு. லுஃப்தான்சா விமானங்களில் தக்காளிச் சாறு ஏன் அவ்வளவு போகிறது என்ற கேள்வியை ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் தரையிலேயே ஒரு விமான அறைக்குள் அழுத்தத்தைக் குறைத்து ஆராய்ந்தது. தரையில் மண் வாடை என்று ஒதுக்கிய சாற்றை அந்த அழுத்தத்தில் நன்றாக இருக்கிறது என்றார்கள். பிரிக்பீல்ட்ஸில் அழுத்தமும் குறையாது, மூக்கும் காயாது. சத்தம் மட்டும்தான்.

விமானத்தில் நாசி லெமாக் ஓரளவு தாக்குப்பிடிப்பது ஏன் என்று இப்போது தெரியும். சம்பலில் பெலாச்சான், பக்கத்தில் நெத்திலி. கூடவே வரும் கேக்தான் அட்டை மாதிரி இருக்கும்.

மாவுக்கை · பட்டர்வொர்த் · 1 அக்டோபர், இரவு 9.48

இரைச்சல்ல மொறுமொறுப்பு கூடத் தெரியுதுன்னு மேல எழுதியிருக்கீங்க. நான் முறுக்கு போடற ஆளு. அதே முறுக்க ஒருத்தர் 'நல்லா பொரிஞ்சிருக்கு'ங்கறார், இன்னொருத்தர் 'நமுத்துப் போச்சு'ங்கறார். இது பல்லு விஷயமா, காது விஷயமா?

ஒலிமேசை · 1 அக்டோபர், இரவு 11.10

காதுதான் அக்கா. பல்லுக்கும் பங்கு உண்டு, ஆனால் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

2004-இல் ஆக்ஸ்ஃபோர்டில் மாசிமிலியானோ சாம்பினி, சார்ல்ஸ் ஸ்பென்ஸ் இருவரும் செய்ததை இந்தத் துறையில் எல்லோரும் சொல்வார்கள். பிரிங்கிள்ஸ் எடுத்தார்கள், ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரே வளைவு என்பதால். வாய்க்கு முன்னால் மைக், காதில் ஹெட்போன். கடிக்கும் சத்தத்தை உடனுக்குடன் மாற்றித் திருப்பிக் காதில் விட்டார்கள்: மொத்தச் சத்தத்தை 20, 40 டெசிபெல் குறைத்தும், 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கீச்சுப் பகுதியை மட்டும் 12 டெசிபெல் ஏற்றியும் இறக்கியும். சத்தம் கூடினாலோ கீச்சு கூடினாலோ சிப்ஸ் மொறுமொறுப்பாக, புதிதாகத் தெரிந்தது. குறைத்தால் பழசாகத் தெரிந்தது. தின்றது எல்லாம் ஒரே டப்பாச் சிப்ஸ். 2008-இல் இதற்கு இக் நோபல் கொடுத்தார்கள். சிரிப்புப் பரிசுதான், ஆனால் வேலை கெட்டியான வேலை.

முறுக்கு விஷயத்துக்கு வருவோம். மொறுமொறுப்பு என்பது காற்றறைகளைச் சுற்றியுள்ள காய்ந்த மாவுச் சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்பது. ஒவ்வொரு வெடிப்பும் சில மில்லிசெகண்ட்தான் நீடிக்கும், அடுக்கடுக்காக வரும். மெல்லிய பண்டத்தின் ஓசை 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் போகும், அது வெளிக்காற்று வழியாகக் காதுக்கு வருவது. சீடை மாதிரிக் கடினமானது 1,250 முதல் 2,000 ஹெர்ட்ஸ் அளவில் உரத்து உடையும். தாடை எலும்பு வழியாக உள்ளுக்குள்ளேயே வரும் ஓசை இன்னும் தாழ்ந்தது. ஈரம் ஏறினால் மாவுச் சுவர் உடையாமல் வளைகிறது, கீச்சு முதலில் செத்துப்போகிறது. நமுத்ததைக் காது முதலில் கண்டுபிடிப்பது இதனால்தான்.

வாய் மூடி மெல்லுபவருக்கும் திறந்து கடிப்பவருக்கும் கிடைக்கும் கீச்சு ஒன்றல்ல. காது மந்தமான பெரியவருக்கு மேல் அதிர்வெண்கள் போய்விட்டிருக்கும், அவருக்கு நல்ல முறுக்கும் கொஞ்சம் மழுங்கலாகத்தான் தெரியும். உங்கள் இரண்டு வாடிக்கையாளர்களில் யார் வயதானவர்?

மாவுக்கை · 1 அக்டோபர், இரவு 11.26

நமுத்துப் போச்சுன்னவரு எழுபதைத் தாண்டினவரு. மற்றவரு அவரோட பேரன்.

தாப்பாவ் · 1 அக்டோபர், இரவு 11.29

தாத்தாவுக்கு முறுக்கோட ஒரு மைக்கும் கொடுத்துடுங்க.

சுவைக்கூடம் · 2 அக்டோபர், காலை 8.05

தாத்தாவுக்கு வேண்டாம், நமக்கு அது நல்ல விளையாட்டு. வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு:

கம்பி ஹெட்போன் வேண்டும், காதை முழுக்க மூடுவது. புளூடூத் கூடாது. அதில் ஓசை 100, 200 மில்லிசெகண்ட் பிந்தி வரும். கடித்த பிறகு தனியாக ஒரு 'கரக்' கேட்டால் மூளை இரண்டையும் ஒட்டாது, பேய்ப்படம் போல் இருக்கும். போனிலேயே செய்தாலும் பிந்தும். ஒரு சிறிய ஆடியோ இடைமுகப்பெட்டி, லேப்டாப், மொத்தத் தாமதம் 10 மில்லிசெகண்டுக்குள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில். நேரே வைத்தால் மூச்சுக் காற்று அடிக்கும். இக்குவலைசரில் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும் 12 டெசிபெல் ஏற்றவும், அடுத்த முறை இறக்கவும். முன்பல்லால் ஒரே கடி, பிறகு துப்பிவிட வேண்டும். மென்று தின்ன விட்டால் எலும்பு வழி ஓசை உள்ளே புகுந்து, ஏற்றியது இறக்கியது எல்லாம் மங்கிவிடும். ஆக்ஸ்ஃபோர்டிலும் துப்பத்தான் சொன்னார்கள்.

எந்தச் சிப்ஸில் எதை மாற்றினீர்கள் என்று கடிப்பவருக்குத் தெரியக் கூடாது. பாக்கெட்டைப் பிரித்து அரை மணி நேரத்துக்குள் முடியுங்கள். பினாங்குக் காற்றில் அதற்கு மேல் வைத்தால் சிப்ஸே உண்மையில் நமுத்துவிடும், பிறகு எதை அளந்தோம் என்றே தெரியாது.

மாவுக்கை · 3 அக்டோபர், இரவு 10.30

தீபாவளி ஆர்டர் ஆரம்பிச்சாச்சு, அதனால முறுக்குப் பக்கம் கொஞ்சம் எழுதிடறேன். சத்தத்தக் காதுல ஏத்தறதவிட முறுக்குலயே ஏத்தறது லாபம்.

பச்சரிசி மாவு 800 கிராம், வறுத்து அரைச்ச உளுந்து மாவு 200, வெண்ணெய் 80லேருந்து 100, உப்பு 15, ஓமமோ எள்ளோ 10. தண்ணி மாவைப் பொறுத்து 550லேருந்து 650 மில்லி, ஒரேயடியா ஊத்தக் கூடாது. உளுந்து கூடினா 'டொக்'னு உடையும், பல்லு வலிக்கும். வெண்ணெய் கூடினா எண்ணெயிலயே பிரிஞ்சு போகும், இல்லேன்னா வாயில சத்தமே இல்லாம மாவாக் கரையும். இங்க நிறைய பேரு தேங்காய்ப் பால் விட்டுப் பிசையறாங்க. மணம் நல்லாருக்கும், ஆனா சீக்கிரம் சிவந்துரும். சிவந்துச்சேன்னு எடுத்தா உள்ள ஈரம் நிக்கும், நாலாம் நாளே நமுத்துரும். தேங்காய்ப் பால் போட்டா தீயக் குறைச்சு நேரத்தக் கூட்டணும்.

எண்ணெய் 170லேருந்து 175 டிகிரி. சட்டிய நெறைச்சுப் போட்டா 150க்கு எறங்கும், எண்ணெய் குடிக்கும். எடுக்க வேண்டிய நேரத்தக் காதுதான் சொல்லும்: போட்டதும் 'சோ'ன்னு கொதிக்கும், அது மாவுல இருக்கற தண்ணி ஆவியாப் போற சத்தம். அது மெல்ல அடங்கி, அங்கங்க 'சிட்டு சிட்டு'ன்னு மட்டும் கேட்டா எடுத்துரலாம். நிறத்த நம்பாதீங்க, சத்தத்த நம்புங்க. அடுப்புப் பக்கத்துல ரேடியோ வச்சா இது கேக்காது.

எடுத்தத பேப்பர் மேல குவிக்காதீங்க, அடியில ஆவி மாட்டிக்கும். கம்பித் தட்டுல ஒரே அடுக்கா, ஃபேனுக்குக் கீழ. கைக்குச் சூடே தெரியக் கூடாது, ஆனா ஒரு மணி நேரத்துக்கு மேல வெளியில வைக்கவும் கூடாது. டின்ல ஒரு கிலோவுக்கு 5 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒண்ணு. நமுத்தத 120 டிகிரி அவன்ல 10 நிமிஷம் வச்சு, ஆறவிட்டுக் கடிச்சுப் பாருங்க. சூடா இருக்கும்போது கடிச்சா மெத்துன்னுதான் இருக்கும், பதறாதீங்க.

ஒலிமேசை · 3 அக்டோபர், இரவு 11.02

அக்கா சொன்ன 'சோ' அடங்குவதை ஒலிமானியில் பார்த்தால் கோடு படிப்படியாக இறங்கும். காய்ந்த பண்டத்தின் நீர்ச் செயல்பாட்டு அளவு (பண்டத்தில் கட்டுப்படாமல் இருக்கும் ஈரத்தை 0 முதல் 1 வரை காட்டும் எண்) 0.35 முதல் 0.5-க்குள் எங்கோ தாண்டியதும் மொறுமொறுப்பு சட்டென்று போய்விடும் என்பது உணவு அறிவியலில் பழைய கணக்கு. நம் ஊர்க் காற்று ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடுகிறது, அதாவது திறந்து வைத்த முறுக்கு 0.8-ஐ நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். டின் மூடியை விரலால் தட்டிப் பார்ப்பதைவிட, மூடி இறுக்கமா என்று பாருங்கள்.

இலைப்பந்தி · 4 அக்டோபர், மாலை 5.40

முறுக்கிலிருந்து பாயசத்துக்கு வரலாமா? அளந்தாயிற்று. நடு மண்டபம்: பதினொன்றரைக்கு 68, 1 மணிக்கு 82, 3 மணிக்கு 69. தட்டுக் கொட்டும் இடத்தில் 1 மணிக்கு 86. இடம் 6 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் உயரம். முகப்பு முழுக்கத் திறந்தது, மற்றதெல்லாம் ஓடு, சிமெண்ட். உச்ச நேரத்தில் 60 பேர். என்ன செய்தால் இறங்கும்?

ஒலிமேசை · 4 அக்டோபர், இரவு 10.15

82 என்பது மேலே சுவைக்கூடம் சொன்ன 75–85 பட்டைக்குள் நன்றாகவே உட்காருகிறது. 68 உட்காரவில்லை.

தட்டுக் கொட்டும் இடத்தைத் தனியாகக் கவனியுங்கள், அது சுவை விவகாரம் மட்டும் இல்லை. 2019 முதல் நடப்பில் உள்ள மலேசியச் சத்த ஒழுங்குவிதிப்படி வேலையாளின் ஒரு நாள் வெளிப்பாடு 82 டெசிபெலைத் தாண்டினால் அது மிகைச் சத்தம், 85 வரம்பு. உங்கள் 86 ஓர் உச்ச வேளையின் எண், நாள் முழுவதன் சராசரி இல்லை. ஆனாலும் அங்கே நிற்கிறவர் காதைப் பாருங்கள்.

இனி மண்டபம். கனஅளவு 420 கன மீட்டர். திறந்த முகப்பு 21 சதுர மீட்டர். அதில் போன ஓசை திரும்பாது, முழு உறிஞ்சலாக எடுத்துக்கொள்ளலாம். மீதி ஓடும் சிமெண்டும் சுமார் 400 சதுர மீட்டர், உறிஞ்சல் 0.03 வைத்தால் 12. மொத்தம் 33. சபைன் சூத்திரப்படி எதிரொலி நேரம், அதாவது எழுந்த ஓசை அடங்க ஆகும் நேரம், 0.161 × 420 ÷ 33, கிட்டத்தட்ட 2 விநாடி. இது ஆளில்லாக் கடை. 60 பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 0.4 வீதம் 24 கூடி, 57, நேரம் 1.2 விநாடி. மனிதர்களே உங்கள் கடையின் பெரிய பஞ்சு. கூரையில் பாதி, 60 சதுர மீட்டருக்கு, 50 மில்லிமீட்டர் கல்நார் இல்லாத பாறைக் கம்பளித் தகடு துணி சுற்றி மாட்டினால் 46 கூடி மொத்தம் 103 ஆகும், நேரம் 0.66 விநாடி.

இதில் நேரடியாகக் கிடைக்கும் குறைவு இரண்டரை டெசிபெல்தான். இவ்வளவு செலவுக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் சத்தமுள்ள இடத்தில் மனிதர் தாமாகக் குரலை உயர்த்துவார்கள். 1911-இல் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்த விஷயம். எதிரொலி குறைந்தால் பக்கத்து மேசை குரலைத் தாழ்த்தும், அதைக் கேட்டு அடுத்த மேசை தாழ்த்தும். கிடைப்பது இரண்டரையைவிடக் கூட வரும்.

தகட்டை அடுப்புக்கும் பொரிக்கும் இடத்துக்கும் பக்கத்தில் மாட்டாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிடும். முட்டை அட்டை ஒட்டுவது வீண். சோபா ஸ்பாஞ்ச் ஒட்டுவது ஆபத்து, தீப்பிடித்தால் நச்சுப் புகை. தீத்தடுப்புச் சான்று இருக்கும் சரக்கு மட்டும்.

ஆனால் தகட்டுக்கு முன் காசில்லாத வேலைகள் இருக்கின்றன. தட்டுக் கொட்டும் தொட்டியில் ரப்பர் விரிப்பு. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் தொப்பி. புகைபோக்கி விசிறி இறக்கையில் பிசுக்கு ஒருபக்கமாக ஏறினால் அது ஆடி உறுமும், கழுவுங்கள். தொலைக்காட்சியை ஊமையாக்குங்கள்.

நீளவாக்குக் கடையில், ஒரு முகம் திறந்திருக்கும்போது, சபைன் கணக்குக் கொஞ்சம் தள்ளாடும் என்று யாராவது சொல்வார்கள். தள்ளாடும்தான். உங்கள் கடையின் பின்பாதி கணக்கைவிட மோசமாகவும் முன்பாதி மேலாகவும் இருக்கும். தகடு அத்தனையையும் பின்பக்கமாகத் தள்ளி மாட்டுங்கள்.

சுவைக்கூடம் · 5 அக்டோபர், காலை 7.30

சத்தத்தின் மேல் பழி போடுவதற்கு முன் ஒரு சந்தேகம். 1 மணி வெயிலில் வருகிறவர் முதலில் கேட்பது என்ன? ஐஸ் போட்ட சிராப் பாண்டுங், தே ஐஸ், லிமாவ். அதைக் குடித்துவிட்டுப் பாயசம் குடித்தால், இனிப்புக்குப் பழகிப்போன நாக்குக்குப் பாயசம் சப்பென்றுதான் இருக்கும். பதினொன்றரைக்காரர் வெந்நீரோ மோரோ குடித்திருப்பார். பில் கட்டைப் புரட்டி, வேளைக்கு வேளை தண்ணி வகையை எண்ணிப் பாருங்கள்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி உண்டு. வேலையாட்கள், தெரிந்தவர்கள் என்று 24 பேர். கடை மூடிய நேரம். ஒரே அண்டாப் பாயசம், 30 மில்லிக் குவளை, 55 டிகிரி, மூன்று இலக்க எண் ஒட்டியது. 1 மணிச் சத்தத்தைப் போனில் பதிந்து, ஸ்பீக்கரில் அதே 82 டெசிபெல் வரும்வரை ஏற்றுங்கள். 12 பேருக்கு முதலில் அமைதி, பிறகு சத்தம்; மற்ற 12 பேருக்குத் தலைகீழ். நடுவில் வெதுவெதுப்பான தண்ணீரால் வாய் கொப்பளித்து இரண்டு நிமிடம். சத்தத்தைப் பற்றிய சோதனை என்று சொல்லவே கூடாது.

தாளில் இனிப்பை மட்டும் கேட்காதீர்கள். கேட்க ஒரே கட்டம் இருந்தால் பிடிக்கவில்லை, ஏலக்காய் தூக்கல், கெட்டி என்று மனத்தில் பட்டதெல்லாம் அந்த ஒரு கட்டத்தில் வந்து விழும். இனிப்பு, ஏலக்காய், கெட்டித்தன்மை, பிடித்தம் நான்கும் கேளுங்கள். 10 சென்டிமீட்டர் கோட்டில் குறுக்குக் கோடு போடச் சொல்லி, பிறகு அடிக்கோலால் அளங்கள். சத்தத்தில் இனிப்பு மட்டும் இறங்கி ஏலக்காய் நின்றால் சந்தேகம் சத்தத்தின் மேல். நான்கும் சேர்ந்து இறங்கினால் சத்தத்தில் ஆள் எரிச்சலாகிவிட்டார் என்று பொருள்.

இலைப்பந்தி · 5 அக்டோபர், இரவு 11.15

பில் பார்த்தேன். 1 மணிக்கு ஐஸ் தண்ணி வகை மற்ற வேளையைவிடத் தெளிவாகக் கூடுதல். இப்போது இரண்டு பேர்மேலும் சந்தேகம். சோதனை ஞாயிறு இரவு. அதற்குள் அந்த இனிப்புப் பாட்டுக் கதையையும் முடித்துவிடுங்கள்.

சுவைக்கூடம் · 6 அக்டோபர், இரவு 8.20

இனிப்புப் பாட்டு என்பது பாட்டின் வரியில் தேனும் பாலும் ஓடுவது இல்லை. ஒலியின் குணம்.

2011-இல் அர்ஜென்டினாவில் மெஸ், ட்ரெவிசான், சிக்மன் மூவரும் இசைக் கலைஞர்களிடம் ஒவ்வொரு சுவைச் சொல்லைச் சொல்லி, அதற்கு வாசிக்கச் சொன்னார்கள். கசப்பு என்றால் தாழ்ந்த சுரத்தில் இழுத்து வாசித்தார்கள். உப்பு வெட்டி வெட்டி. புளிப்பு உயர்ந்த சுரம், இசையாத சேர்க்கை. இனிப்பு மெதுவாக, மென்மையாக, இசைந்த சுரங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் கிரிசினெல், ஸ்பென்ஸ் பார்த்தபோதும் இனிப்பும் புளிப்பும் உயர்ந்த சுரத்தோடும், கசப்புத் தாழ்ந்த சுரத்தோடும் சேர்ந்தன. பியானோ இனிப்புக்கு, பித்தளை ஊதுகருவிகள் கசப்புக்கு. பிறகு 2012-இல் கருகலும் இனிப்பும் கலந்த ஒரே டாஃபியை இரண்டு ஓசைகளோடு கொடுத்தார்கள். கசப்பு ஓசையில் அது கூடுதல் கசப்பாகத் தெரிந்தது. வித்தியாசம் 5 முதல் 10 சதவீத அளவு.

அந்த டாஃபியில் இரண்டு சுவையும் முன்பே இருந்தன. ஓசை ஒன்றைச் சுட்டிக்காட்டியது, அவ்வளவுதான். பச்சைத் தண்ணீரில் எந்த இசையும் சீனி போடாது. பாட்டு பிடித்திருந்தால் பாயசமும் பிடிக்கும் என்ற தொற்றும் உண்டு, இனிப்புக் கூடினது என்று நாம் நினைப்பதில் பாதி அதுதான். நம் வாத்தியத்தில் எது என்றால், மேல் ஸ்தாயிப் புல்லாங்குழல், விளம்ப காலம், இழைத்த சுரம். ஜலதரங்கமும் ஆகலாம். இது என் கணிப்பு. நாகசுரத்தைக் கல்யாண மண்டபத்துக்கு விட்டுவிடுங்கள், மூடிய கடைக்குள் அதுவே 82-ஐ விழுங்கிவிடும்.

தாப்பாவ் · 6 அக்டோபர், இரவு 8.44

பாகற்காய் பொரியலுக்கு டிராம்போனா? கோயில் பேண்ட் செட்ட வரச் சொல்றேன்.

ஒலிமேசை · 7 அக்டோபர், இரவு 10.50

82 டெசிபெல் கடையில் புல்லாங்குழல் கேட்க வேண்டுமானால் அதை 85-க்கு ஏற்ற வேண்டும். ஏற்றினால் மேசைக்கு மேசை குரல் ஏறும். 5 சதவீத இனிப்பை வாங்க, வைத்திருந்ததையும் விற்ற கதை. இசை பற்றிய பேச்சே கடை 70-க்கு இறங்கிய பிறகுதான்.

அப்போது இரண்டு பெரிய ஸ்பீக்கரை மூலையில் வைத்து அலறவிடாதீர்கள். 4 அங்குலக் கூரை ஸ்பீக்கர்கள், 3 மீட்டருக்கு ஒன்று, ஒவ்வொன்றும் மெல்லிய அளவில். ஆளில்லாதபோது மேசையில் 60 முதல் 63 காட்டினால் போதும். 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபெல் இறக்குங்கள். பேச்சு புரிவது அந்தப் பட்டையில்தான், அங்கே இசை குறுக்கிடாவிட்டால் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். அதே காரணத்துக்காக உச்ச வேளையில் வாய்ப்பாட்டைத் தவிருங்கள்.

வேகத்திலும் ஒரு சிக்கல். 1986-இல் மில்லிமன் ஓர் உணவகத்தில் பார்த்தார்: மெதுவான இசையில் ஒரு மேசை 56 நிமிடம், வேகமான இசையில் 45. மெதுவில் மதுவகைச் செலவும் கூடியது. வாசலில் வரிசை நிற்கும் 1 மணிக்கு இனிப்பான விளம்ப காலம் போட்டால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். பாயசம் இனிக்கும், கல்லா கசக்கும். அதனால் 1 மணிக்கு இசையே வேண்டாம் என்பது என் கட்சி, 3 மணிக்குப் போடுங்கள். போடுவதற்கு உரிமம் வேண்டும்: பாட்டு எழுதி இசையமைத்தவர் பக்கமும், ஒலிப்பதிவு நிறுவனங்கள் பக்கமும். சொந்தக் கைப்பேசிக் கணக்கில் ஓடும் பாட்டுச் செயலி கடைக்கு ஆகாது.

சுவைக்கூடம் · 8 அக்டோபர், காலை 7.10

தே தாரிக் இழுக்கும் ஓசையை யாரும் தொடவில்லையே. குவளை நிறைய நிறைய மேலே இருக்கும் காற்று நெடுக்கம் சுருங்கி ஓசை மேலேறும். நல்ல கைக்காரர் பார்க்காமலே நிறுத்துவது அதைக் கேட்டுத்தான். சூடான நீர் விழுவதும் குளிர்ந்த நீர் விழுவதும் வேறு வேறு; குளிர்ந்தது கூர்மையாகவும் சூடானது மொத்தையாகவும் கேட்கும். ஓசையை மட்டும் கேட்கவிட்டால் பெரும்பாலோர் எது சூடு என்று சரியாகவே சொல்லிவிடுகிறார்கள். சுட்ட இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும் மீ நூடுல்ஸும் இதே கணக்கு, வாய்க்குள் போகும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

எல்லை ஒன்றும் உண்டு. 2005-இல் சாம்பினியும் ஸ்பென்ஸும் சோடாவின் குமிழிச் சத்தத்தை உயர்த்திப் பார்த்தார்கள். கையில் குவளை இருக்கும்வரை காஸ் கூடுதல் என்றார்கள். வாயில் போனதும் அந்த ஏமாற்று எடுபடவில்லை. நாக்கும் சும்மா இருப்பதில்லை.

இலைப்பந்தி · 13 அக்டோபர், இரவு 11.58

சோதனை முடிந்தது. சத்தத்தில் இனிப்புக் கோடு இறங்கியது, ஏலக்காயும் கெட்டியும் அநேகமாக அப்படியே. பிடித்தம் கொஞ்சம் இறங்கியது. அதே ஆட்களில் சிலருக்கு மறுபடி சிராப் கொடுத்துவிட்டுப் பாயசம் கொடுத்தோம், அமைதியிலேயே அதைவிட அதிகம் இறங்கியது. சிராப்தான் பெரிய திருடன், சத்தம் கூட்டாளி.

இனி 1 மணிக்குப் பாயசத்தை இலையோடு முதலிலேயே வைக்கப் போகிறோம், தண்ணி வருவதற்கு முன். ரப்பர் விரிப்பு போட்டாயிற்று, தட்டுப் பக்கம் 86 இப்போது 81. நாற்காலித் தொப்பி வாங்கினது எல்லாம் நாலே நாளில் கழன்று விழுகிறது.

ஒலிமேசை · 14 அக்டோபர், காலை 8.25

உள்விட்டம் பெரிசாக வாங்கியிருப்பீர்கள். நாற்காலிக் காலின் வெளிவிட்டத்தைக் காலிப்பரால் அளந்து, அதைவிட அரை மில்லிமீட்டர் சிறிசாக உள்ள தொப்பி வாங்குங்கள். வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் விரிந்து ஏறும், ஆறினதும் கவ்விக்கொள்ளும். உள்ளே வட்டத் தகடு வைத்தது வாங்குங்கள், இல்லையென்றால் இரும்புக் கால் அடியைப் பொத்துக்கொண்டு வந்துவிடும்.